வானம் பார்த்த கோழிகள்

கோழிப் பண்ணைக்குள் கால் வைத்ததும் கமா அண்ணாந்து பார்த்தான். அங்கிருந்த கோழிகள் அத்தனையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் குனிந்து நிற்பது மரியாதையாக இருக்காது என்று அவனுக்குப் பட்டது.

“மேல என்ன அண்ணி இருக்கு?”

“தகரக் கூரை.”

“அதைப் பாக்கவா இவ்வளவு கூட்டம்? டிக்கெட் போட்டிருக்கலாமே.”

அண்ணி குனிந்து ஒரு கோழியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்து பின்பக்கமாக வில் மாதிரி வளைந்திருந்தது. அலகு கூரையைக் குறிபார்த்தது. கால்களை மடித்து உட்கார்ந்திருந்த அந்தக் கோழி, அண்ணியின் விரல் பட்டதும் எழுந்து நடக்கப் பார்த்து, தள்ளாடி, பக்கத்துக் கோழியின் தோளில் சாய்ந்தது. பக்கத்துக் கோழி அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கும் கூரையில் வேலை இருந்தது.

அண்ணி ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். எரிந்த கடைகளைப் பார்த்து, தானாக எரிந்தது எது, முதலாளி எரித்தது எது என்று சாம்பலை வைத்தே சொல்லிவிடுவாள். சொல்லக் கூடாத ஒரு கடையைப் பற்றியும் சொல்லிவிட்டதால் வேலை போயிற்று. அதன் பிறகு சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம். உதவியாளர் வேலைக்கு அவள் வைத்த நேர்முகத் தேர்வில் ஒரே ஒருவன் கலந்துகொண்டான், கணவனின் தம்பி. வாயைத் திறந்தால் அவன் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது என்பதால் ஊர் அவனுக்கு வைத்த பெயர் கமா.

“பாத்தீங்களா? பாத்தீங்களா இந்த அநியாயத்தை?” என்றபடி கையில் குடையோடு வந்தாள் பண்ணையம்மா. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடை, சுட்டிக்காட்டுவதற்கும் மிரட்டுவதற்கும். “முட்டை போட வேண்டியதுங்க எல்லாம் பட்டப்பகல்ல நட்சத்திரம் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குங்க!”

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள் அண்ணி.

“பி ஒன் விட்டமின் துளிகூட உடம்புல இல்லைன்னாரு. அது இல்லாட்டி கோழிக்கு மூளை தவிச்சுக் கழுத்து இப்படித்தான் வளையுமாம். கையில இருந்த மருந்துல ஒரே ஒரு கோழிக்குச் சொட்டு விட்டாரு. சாயங்காலமே தலையை இறக்கிடுச்சு. இறக்கின உடனே என் காலைக் கொத்துச்சு.”

“நன்றியுள்ள ஜீவன்,” என்றான் கமா.

“மீதிக் கோழிங்களுக்கு மருந்து வெளியூர்ல இருந்து வரணும். அது கிடக்கட்டும். இதுக்குக் காரணம் யாருன்னு எனக்குத் தெரியும்.” குடை நேராக வாசல் பக்கம் நீண்டது. “என் சம்பந்தி! இதுங்க திங்கறது அவர் மில்லுத் தீவனம். விட்டமின் போடாமலே போட்டேன்னு ஏமாத்தறாரு.”

“அதைச் சோதிக்க மாட்டாங்களா?”

“சோதிக்கறது யாரு? அவர் பெத்த பொண்ணு! அந்த மில்லு லேப்ல ஏதோ கிருமியை வளர்த்து, அதை வெச்சுச் சோதிச்சு, ‘விட்டமின் முழுசா இருக்கு’ன்னு அடிச்சுச் சொல்றா. எனக்கு மருமகளா வரப்போறவ, அப்பனைக் காப்பாத்த என் மூஞ்சியைப் பாத்தே பொய் சொல்றா. கல்யாணத்தை நிறுத்திட்டேன்.”

“நிறுத்தியாச்சுன்னா நாங்க எதுக்கு?”

பண்ணையம்மா குடையை இறக்கினாள். “நாளைக்கு என்னை யாரும் கொடுமைக்காரின்னு சொல்லக் கூடாதில்ல? எதையும் ஆதாரத்தோட நிறுத்தணும்.”

“உங்க பையன் என்ன சொல்றாரு?”

“அவனா? தொழில் கத்துக்கறேன்னு அந்த மில்லுக்கே வேலைக்குப் போயிட்டு இருந்தான். இப்பப் போகாதேன்னு சொன்னதுல இருந்து அவனும் இதுங்களை மாதிரிதான். மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான்.”

“அவருக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாத்திருக்கலாம்,” என்று கமா முணுமுணுத்தான். அண்ணியின் செருப்பு அவன் காலைத் தேடி வந்து மிதித்தது.

*

மில்லுக்காரர் குள்ளமான மனிதர். புருவம், மீசை, காது மடல் எங்கும் மாவு. ஆயுசு முழுக்க இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், இயந்திரம் நின்ற பிறகும் அவர் குரல் நிற்காது.

“வாங்க!” என்று அவர் வரவேற்றதில் கமா ஓரடி பின்வாங்கினான். “ரகசியமா ஒண்ணு சொல்றேன்!” என்று அவர் கத்தியதில் தெருவில் போன இரண்டு பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். “என் மேல தப்பே இல்ல! நீங்களே கண்ணால பாருங்க!”

பார்த்தார்கள். சோளம், தவிடு, புண்ணாக்கு எல்லாம் ஒரு பெரிய கலவைத் தொட்டியில் விழுந்தன. விட்டமின் பொடி டப்பாவை மில்லுக்காரரே உடைத்து, அண்ணியின் கண் முன்னால் தொட்டியில் கொட்டினார். கொட்டிய டப்பாவைத் தட்டோ தட்டென்று தட்டினார். கலவை ஆவியில் வெந்து, சல்லடைத் துளைகள் வழியாக உருண்டைகளாகப் பிதுங்கி, கடைசியில் ஒரு சூட்டு டிரம்முக்குள் போய் உருண்டு காய்ந்து வந்தது. டிரம்மின் பக்கவாட்டில் ஒரு திருகு. அதைச் சுற்றி எண்கள். அண்ணி அந்தத் திருகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது கடைசி எண்ணில் நின்றது.

“டிரம்மை யாரு பாத்துக்கறாங்க?”

“என் மாப்பிள்ளை! இந்தக் கலாட்டாவுல இப்ப வர்றதில்ல, அவர் வெச்சுட்டுப் போன மாதிரியே ஓடிட்டு இருக்கு! தங்கமான பையன்! முன்னாடி பொழுது சாயற வரைக்கும் ஓடின வேலை, அவர் வந்ததும் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சு போச்சு! உருண்டையைப் பாருங்க, எப்படி மினுமினுக்குதுன்னு!”

அதற்குள் கமாவின் கை பழக்க தோஷத்தில் உருண்டைக் குவியலுக்குள் போயிருந்தது. திறந்து கிடக்கும் எதையும் ருசி பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. மருந்துக் கடையில் வேலை பார்த்தபோது அவனை வேலையை விட்டு அனுப்பியதற்கும் அதுதான் காரணம்.

‘கடக்’ என்று ஒரு சத்தம்.

“அண்ணி,” என்றான் கமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “இது தீவனம் இல்ல. ஜல்லி.”

“துப்பு.”

“பல்லும் சேந்து வருமோன்னு பயமா இருக்கு.”

அண்ணி ஓர் உருண்டையை எடுத்து இரு விரல்களால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. வெல்லம் காய்ந்த மாதிரி கறுத்து, இறுகி இருந்தது. “பழைய சரக்கு ஏதாவது இருக்கா? மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி செஞ்சது?”

மூலையில் ஒரு பாதி மூட்டை கிடந்தது. அதிலிருந்த உருண்டை வெளிறிய மஞ்சளாக இருந்தது. அண்ணி விரலை வைத்ததுமே பொலபொலவென உதிர்ந்தது. அவள் அதைக் கமாவிடம் நீட்டினாள்.

“நான் மாட்டேன். ஒரு வழக்குக்கு ஒரு பல்லு. அதுதான் என் கணக்கு.”

*

மில்லின் பின்புறம், தூசி வராத ஒரு சிறிய அறைதான் லேப். கண்ணாடி ஜன்னல், குளிர்ப்பெட்டி, உடம்புச் சூட்டிலேயே எப்போதும் இருக்கும் ஓர் இரும்பு அலமாரி, வரிசையாகச் சோதனைக் குழாய்கள். மில்லுக்காரரின் மகள் நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். அழுது கண் சிவந்திருந்தது. ஆனால் தாடை நேராக இருந்தது.

“நான் பொய் சொல்லல,” என்றாள், அவர்கள் உட்காருவதற்கு முன்பே.

“நீ பொய் சொன்னதா நான் சொல்லலையே,” என்றாள் அண்ணி. “சோதனையை மட்டும் எனக்குப் புரியற மாதிரி காட்டு.”

பாப்பா ஒரு குழாயை எடுத்தாள். “இதுல இருக்கறது ஒரு வகை பாக்டீரியா. பி ஒன் விட்டமின் இல்லாம இதால உயிர் வாழ முடியாது. ஆனா அதைத் தானா செஞ்சுக்கவும் தெரியாது. வெளியில இருந்துதான் வாங்கிக்கணும்.”

“எங்க அண்ணன் மாதிரி,” என்றான் கமா. “சமைக்கத் தெரியாது, சாப்பிடாமலும் இருக்க முடியாது.”

“அது பிழைக்கத் தேவையானதை எல்லாம் இந்தத் தண்ணியில வெச்சிருக்கேன், பி ஒன்னைத் தவிர. இதுல தீவனத்தோட சாறை விடுவோம். சாறுல பி ஒன் இருந்தா பாக்டீரியா பெருகும், தண்ணி கலங்கும். இல்லாட்டி தெளிவாவே நிக்கும். இது சாறு விடாதது, பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. இது கலவைத் தொட்டியில இருந்து எடுத்தது, நல்லாக் கலங்கியிருக்கு. இது காஞ்ச உருண்டையில இருந்து எடுத்தது, இதுவும் கலங்கியிருக்கு. அப்போ விட்டமின் இருக்குன்னுதானே அர்த்தம்? ஆனா கோழிங்க…” அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கோழிங்களும் பொய் சொல்லாதுங்களே.”

“கிருமிக்கு யாராவது லஞ்சம் குடுத்திருப்பாங்களோ?” என்றான் கமா.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவள் திரும்பியபோது அண்ணியின் பார்வை மேஜை ஓரத்துக்குப் போனது.

“லேப்புக்குள்ள டீ குடிக்கலாமா?”

“கூடாதுங்க.”

“ரெண்டு கப் இருக்கே.”

“அது… பேனா வைக்கறதுக்கு.”

“ரெண்டு கப் நிறையப் பேனாவா?” என்று கமா எட்டிப் பார்த்தான். “எல்லாம் கரைஞ்சு போச்சு போல. அடியில டீத்தூள்தான் இருக்கு.”

பாப்பாவின் முகம் காதுவரை சிவந்தது. அண்ணி அதை விட்டுவிட்டாள். குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“இந்த ரெண்டும் ஒரே நேரத்துலதான் கலங்குச்சா?”

“இல்ல. உருண்டைக் குழாய் கொஞ்ச நாளா லேட்டாத்தான் கலங்குது. தொட்டிக் குழாய் காலையில நான் வர்றப்பவே கலங்கியிருக்கும். இது மத்தியானம் வரைக்கும் இழுக்கும். ஆனா கடைசியில கலங்கிடும். அதனால நான் அதைப் பெருசா எடுத்துக்கல.”

அண்ணி குழாயை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த மெதுவைக் கமா அறிவான். எரிந்த கடைகளில் தீப்பெட்டி கிடைத்தபோதெல்லாம் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

“சாப்பாடு தட்டுல தயாரா இருந்தா உடனே சாப்பிட்டு எழுந்துடலாம்,” என்றாள். “ஒருத்தன் சாப்பிட்டு முடிக்க லேட்டாச்சுன்னா, அவன் சமைச்சுச் சாப்பிட்டிருக்கான்னு அர்த்தம். பாப்பா, உன் பாக்டீரியாவுக்கு பி ஒன்னை அடியில இருந்து செய்யத் தெரியாதுன்னு சொன்னே. பாதி வேலை முடிஞ்சு கிடைச்சா?”

பாப்பா நிமிர்ந்தாள். அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தை நோக்கிக் கை போய், பாதியில் நின்றது. பிறகு அண்ணியின் காதருகே குனிந்து கடகடவென்று என்னவோ சொன்னாள். அண்ணி தலையாட்டினாள். மறுபடி சொன்னாள். அண்ணி சிரித்தாள்.

கமாவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இது அவனுக்குப் புதிதல்ல. ரகசியத்தை அவனிடம் சொல்வதும் மில்லுக்காரரிடம் சொல்வதும் ஒன்றுதான் என்பது அண்ணியின் கட்சி.

பாப்பா சுத்தமான விட்டமின் பொடியைத் தண்ணீரில் கரைத்து, லேப்பின் பெரிய குக்கரில் வைத்து மூடினாள். அடுப்பு எரிந்தது. குக்கர் உஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்தது.

“என்ன அண்ணி சமையல்?”

“பொய்,” என்றாள் அண்ணி. “நல்லா வேகட்டும்.”

*

மறுநாள் மத்தியானம் அந்தச் சிறிய லேப்பில் மூச்சு விட இடமில்லை. ஜன்னலோரம் பண்ணையம்மா, குடையோடு. எதிர்மூலையில் மில்லுக்காரர், மாவோடு. இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி என்பது போல மாப்பிள்ளை. ஒல்லியாக, நெட்டையாக, தூங்காத கண்களோடு. பாப்பா மேஜைக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவள் குழாயைப் பார்த்தாள்.

“சம்பந்திம்மா வந்துட்டாங்க, ஆரம்பிக்கலாமா?” என்று மில்லுக்காரர் மரியாதையாகக் கேட்டதில் குழாய்கள் அதிர்ந்தன.

“நான் யாருக்கும் சம்பந்தி இல்ல,” என்றாள் பண்ணையம்மா.

அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இருட்டில் பாப்பா ஓர் ஊதா விளக்கை ஏற்றினாள்.

“இது வேற ஒரு சோதனை,” என்றாள் பாப்பா. “இதுல பாக்டீரியா கிடையாது. பி ஒன் முழுசா இருந்தா, ஒரு மருந்து கலந்து இந்த விளக்குக்குக் கீழ வெச்சா நீலமா மின்னும். உடைஞ்சு போயிருந்தா மின்னாது. இது டப்பாவுல இருந்து எடுத்த பி ஒன்.”

குழாய் நீலமாக மின்னியது. மாப்பிள்ளை ‘ஆ’ என்றான். பண்ணையம்மாகூட ஒரு கணம் குடையை மறந்தாள்.

“இது அதே பி ஒன். நேத்து குக்கர்ல வேக வெச்சது.”

குழாய் இருட்டோடு இருட்டாக நின்றது.

“செத்துப் போச்சா?” என்றான் கமா.

“ரெண்டா உடைஞ்சு போச்சு. பி ஒன் ரெண்டு துண்டு சேர்ந்தது. நடுவுல ஒரு சின்னப் பாலம். சூடு அதிகமானா அந்தப் பாலம் அறுந்துடும். இப்ப லைட்டைப் போடுங்க.”

வெளிச்சம் வந்தது. பாப்பா இன்னொரு குழாயை எடுத்தாள்.

“அந்த வெந்து உடைஞ்ச பி ஒன்னை நேத்து என் பாக்டீரியாவுக்குக் குடுத்தேன். நியாயமாப் பாத்தா இது தெளிவா நிக்கணும்.”

குழாய், பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது.

முதலில் சுதாரித்தவன் கமா. “செத்ததைத் தின்னுட்டா பெருகுச்சு?”

“ஒட்ட வெச்சுத் தின்னுச்சு! இதோட உடம்புச் சுவர்ல அந்த மாதிரித் துண்டுங்களை உள்ள இழுக்கறதுக்குன்னே தனி வாசல் இருக்கு. இதுக்கு அந்தத் துண்டுங்களைப் புதுசாச் செய்யத் தெரியாது. ஆனா கிடைச்ச துண்டைப் பொறுக்கி உள்ள கொண்டு போய், ஒண்ணோட ஒண்ணு சேத்து ஒட்டத் தெரியும். பி ஒன் அப்படியே கிடந்தா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அதுல இன்னும் கொஞ்சம் பாஸ்பேட்டைச் சேத்துத் துணைநொதியா, அதாவது உடம்பு வேலைக்கு எடுத்துக்கற உருவமா, மாத்தணும். அப்பத்தான் உடம்புல சர்க்கரை எரியும், சக்தி வரும். உடைஞ்ச சரக்குல இருந்தே பாக்டீரியா அதுவரைக்கும் போயிடுது. அந்த ஒட்டு வேலையிலதான் லேட்டாகுது.”

“பழைய இரும்புக் கடைக்காரன்!” என்றான் கமா பரவசமாக.

“கோழிக்கு?” என்றாள் பண்ணையம்மா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கோழிக்கு அந்த ஒட்டு வித்தை தெரியாதுங்க. உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரியாது. முழுசாக் கிடைச்சாத்தான் உண்டு. உடைஞ்ச துண்டு வந்த வழியே போயிடும்.” பாப்பா குழாயைக் கீழே வைத்தாள். “பாக்டீரியாகிட்ட நான் ‘விட்டமின் முழுசா இருக்கா?’ன்னு கேக்கல. ‘உன்னால வாழ முடியுதா?’ன்னுதான் கேட்டேன். அது முடியுதுன்னு சொல்லுச்சு. தப்பு என் கேள்வியில. ஆனா நான் பொய் சொல்லல.”

கடைசி வாக்கியத்தை அவள் பண்ணையம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள். பண்ணையம்மா குடையின் கைப்பிடியை ஆராய ஆரம்பித்தாள்.

“தொட்டிக் கலவை இந்த விளக்குல மின்னுது,” என்றாள் அண்ணி. “காஞ்ச உருண்டை மின்னல. ஆக, விட்டமின் போட்டிருக்காங்க, யாரும் ஏமாத்தல. ஆவிக்கு அப்புறம் டிரம்மோட திருகை முழுசாத் திருகி வறுத்துக் கெடுத்திருக்காங்க. கமாவோட பல்லுக்கு அது நேத்தே தெரிஞ்சுடுச்சு.”

கமா கன்னத்தைத் தடவிக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தான்.

ஆராய்ச்சியில் இருந்த குடை மறுபடி உயிர் பெற்றது. “அப்போ அந்த டிரம்மைத் திருகினவன் யாரு? எவன்னு சொல்லுங்க! அவன் யாரா இருந்தாலும் சரி, அந்தக் கோழிங்க முன்னாடி அவனைக் கொண்டு போய் நிறுத்தி, இந்தக் குடையாலயே…”

“நான்தாங்க.”

சொன்னது யார் என்று கமாவுக்குச் சட்டென்று தெரியவில்லை. அறையில் இருந்த எந்தக் குரலும் அது இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மிருதுவான, தயங்கிய குரல். எல்லோரும் திரும்பினார்கள். மில்லுக்காரரின் மீசையில் இருந்து கொஞ்சம் மாவு உதிர்ந்தது.

“சீக்கிரம் காயட்டுமேன்னு நான்தான் திருகைக் கூட்டி வெச்சேன்,” என்றார் மில்லுக்காரர் மறுபடி, அதே மெல்லிய குரலில். “தப்பு என்னோடது. பொண்ணோட வாழ்க்கையை மட்டும்…”

“அண்ணி,” என்று கமா அவள் காதைக் கடித்தான். ரகசியம் பேசுவதில் அவனுக்கு இதுதான் முதல் வெற்றி. “இந்த மனுஷன் உண்மை சொல்றப்ப ஊருக்கே கேட்டுச்சு. இது கேக்கவே இல்ல.”

அண்ணி அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு மில்லுக்காரரிடம் திரும்பினாள். “ஐயா, நேத்து ‘என் மேல தப்பே இல்ல’ன்னு சொன்னீங்க. கூரை அதிர்ந்துச்சு. இப்ப இதையும் கொஞ்சம் சொல்லுங்க. ‘டிரம்மைத் திருகினது நான்தான்’னு, அதே மாதிரி உரக்க.”

மில்லுக்காரர் மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“விடுங்க மாமா,” என்றான் மாப்பிள்ளை.

அதுவரை சுவரோடு ஒட்டியிருந்தவன் இப்போது சுவர் வழியாகவே வெளியே போய்விட முடியுமா என்று பார்ப்பவன் போலிருந்தான். “நான்தான். நேத்து நீங்க திருகைப் பாத்துட்டுப் போனதும் மாமா எனக்குப் போன் பண்ணி, எதையும் ஒத்துக்காதேன்னாரு. போன் இல்லாமலே எங்க வீட்டுக்குக் கேட்டிருக்கும்.”

பண்ணையம்மாவின் குடை அந்தரத்தில் நின்றது. “நீயா?”

“டிரம்மை முழுசாத் திருகி வெச்சா வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்மா.”

“முடிஞ்சா?”

“மிச்ச நேரம்… இங்க வரலாம்.”

“இங்க வந்து?”

மாப்பிள்ளை மேஜை ஓரத்தில் இருந்த இரண்டு கப்புகளையும் பரிதாபமாகப் பார்த்தான். “டீ குடிக்கலாம்.”

ஒரு பண்ணை நிறையக் கோழிகளின் கழுத்தை வளைத்தது ஒரு கப் டீ என்பதை அந்த அறை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பண்ணையம்மா மகனைப் பார்த்தாள். கையில் இருந்த குடையைப் பார்த்தாள். யாராக இருந்தாலும் சரி என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்ன வாய், சொன்ன இடத்திலேயே திறந்திருந்தது.

“சத்தியமா டிரம்முக்கும் கோழிக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்று அவன் பாப்பாவின் பக்கம் ஓரடி வைத்தான்.

“திருகைத் தொட்டது தெரியும்ல?” என்றாள் பாப்பா. அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “உங்கம்மா என்னைப் பொய்க்காரின்னு சொன்னப்ப, டிரம்மை நான் மாத்தி வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க தப்புன்னு அன்னைக்கே தேடியிருப்பேன். நீங்க மோட்டுவளையைப் பாத்துட்டுப் படுத்திருந்தீங்க.”

“எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும்…”

“குடுப்பேன். மருந்து இன்னைக்கு வருது. ஒரு கோழி விடாம நீங்களே சொட்டு விடணும். ஆளு வெச்சு விடக் கூடாது. அதுக்கு அப்புறம் கல்யாணம் வேணுமா வேண்டாமான்னு நான் யோசிப்பேன். நீங்க இல்ல.” அவள் பண்ணையம்மாவின் பக்கம் திரும்பினாள். “நீங்களும் இல்லீங்க.”

கல்யாணத்தை நிறுத்தும் உரிமை தன் கையை விட்டு எப்போது போயிற்று என்று பண்ணையம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் குடையை மெல்ல மடக்கினாள்.

“நியாயம்தான்!” என்று மில்லுக்காரர் முழங்கினார். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.

*

மருந்து வந்தது. மாப்பிள்ளை சொட்டு மருந்துக் குழலோடு முழங்காலிட்டு, ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்து, அலகைப் பிரித்து மருந்து விட்டான். குணமான கோழிகள் தலையை இறக்கியதும் முதல் வேலையாக அவன் முழங்கையைக் கொத்தின. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அவன் கைகளே சாட்சி. கமா கோழிகளைப் பிடித்துக் கொடுத்தான். பிடித்த ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளையின் குற்றத்தை முதலிலிருந்து விளக்கினான்.

“உன் கழுத்து இப்படி ஆனதுக்கு இந்த ஆளோட காதல்தான் காரணம், தெரிஞ்சுக்கோ, நல்லாக் கொத்து.”

டிரம்மின் திருகைப் பாதியில் நிறுத்தி, இனி யாரும் திருக முடியாதபடி பற்றவைத்துவிட்டார் மில்லுக்காரர். புதுத் தீவனம் பொலபொலவென்று உதிர்ந்தது. பாப்பா அதை விளக்கில் ஒரு முறை, பாக்டீரியாவில் ஒரு முறை என்று இரண்டு விதமாகச் சோதித்துவிட்டு, முடிவைச் சொல்லப் பண்ணைக்கு வந்தாள். கூடம் முழுக்கக் கொக்கரிப்பு. கோழிகள் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே இறகும் கீறலுமாக மாப்பிள்ளை, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். மடியில் இருந்த கோழியும் தூங்கிக்கொண்டிருந்தது.

பாப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அவன் தலையில் இருந்த ஓர் இறகை எடுத்தாள். எழுப்பவில்லை.

பண்ணையம்மா தொண்டையைச் செருமினாள். குடை இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவள் தவிப்பது, தூணுக்குப் பின்னால் நின்ற கமாவுக்கே பாவமாக இருந்தது.

“அந்தக் கிருமிங்க…” என்றாள் கடைசியில். “நல்லா இருக்குங்களா?”

பாப்பா நிமிர்ந்தாள். “நல்லா இருக்குங்க அத்தை.”

“அதுங்களுக்கு ஒழுங்கா ஏதாவது வாங்கிப் போடு. உடைஞ்சது, வெந்தது எல்லாத்தையும் பொறுக்கி ஒட்ட வெச்சுத் தின்னிருக்குங்க, பாவம்.” பண்ணையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம வீட்டுக்கு வர்றப்ப அதுங்களையும் கூட்டிட்டு வந்துடு. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு.”

கமா வாயைத் திறந்தான். அண்ணியின் செருப்பு வருமென்று எதிர்பார்த்துக் காலையும் இழுத்துக்கொண்டான். ஆனால் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. அவன் வாழ்க்கையில் விழுந்த முதல் முற்றுப்புள்ளி அதுதான்.